சண்டைக்காரி பொட்டிக்கு ராணி மாத்துன கதை

எங்க வீடு புது வண்ணாரப்பேட்டைல, கீழ ஓனரம்மா, மேல நாங்க, அதுக்கு மேல மொட்டை மாடி. அங்க தான் ரெண்டு தேனீ பொட்டி வச்சிருக்கேன். நம்மூரு அடுக்குத் தேனீ தான், நியூட்டன் பொட்டின்ற சின்ன மரப்பொட்டி, கீழ் அறைல 7 சட்டம் (ஈங்க அடை கட்டுற மர ஃப்ரேம்). வீட்ல ப்ளவுஸ் தைக்கிறது பொழப்பு, ஈ வளக்கிறது நாலு வருஷமா புடிச்ச பைத்தியம். ஒரு பொட்டி பேரு சாந்தி, இன்னொண்ணு சண்டைக்காரி, ரெண்டுக்கும் பேரு வச்சது என் பையன்.

சாந்தி மூடிய தூக்குனா கூட அதுங்க பாட்டுக்கு வேலைய பாக்கும். சண்டைக்காரி அப்படி இல்ல, பத்தடி தள்ளி நின்னாலே மூஞ்சிக்கு நேரா ஒண்ணு வந்து ஙொய்னு நிக்கும். இந்த பொங்கல் கழிச்சு ஒரு நாள் ஓனரம்மா துணி காயப்போட போயி காதுல ஒண்ணு புருவத்துல ஒண்ணு வாங்கிக்கினு இறங்கி வந்தாங்க. நான் ஓடிப்போய் நகத்தால கொடுக்க சுரண்டி எடுத்தேன், ஐஸ் வச்சேன், மூச்சு வாங்குதா உடம்பெல்லாம் தடிக்குதான்னு அரை மணி நேரம் கூடவே உக்காந்து பாத்தேன் (அப்படி எதாவது ஆச்சுன்னா வீட்டு வைத்தியம்லாம் பாக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்), நல்ல வேளை வீக்கத்தோட போச்சு. ஆனா அவங்க சொல்லிட்டாங்க, "இன்னாமா இது ரோதனையா கீது, என் மாடிக்கு நானே போவ முடியல, ஒண்ணு அது இருக்கணும் இல்ல நீ இருக்கணும்"னு. நியாயம் தானே, என்ன பதில் சொல்றது.

மாதவரத்துல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருக்கார், சொந்த ஊரு மார்த்தாண்டம் பக்கம், அப்பா காலத்துல இருந்து தேன் பொட்டி. எனக்கு எல்லாம் சொல்லிக்குடுத்தது அவர் தான். போன் போட்டு "சார், ராணிய மாத்திடலாமா"ன்னு கேட்டேன். "மக்ளே, ஈக்கு கோவம் வந்தா உடனே ராணி மேல பழிய போடாதே, எறும்பு ஏறுகா, வெயில் அடிக்கா, உள்ள தீனி இருக்கா, அதெல்லாம் பாத்தியா"ன்னாரு. பாத்தேன். ஸ்டாண்டு கால் நாலும் தண்ணி கிண்ணத்துல தான் இருக்கு, மேல பச்சை வலை கட்டியிருக்கு, சட்டத்து மேல் பக்கம் தேனும் இருக்கு, ராணியும் இருக்கு. ராணி இல்லாத பொட்டியும் இப்படி தான் எரிச்சலா இருக்கும், ஆனா அதோட சத்தமே வேற, ஒரு மாதிரி ஊளை விடுற மாதிரி இழுத்து வரும். இது அதுவும் இல்ல. வம்சமே அப்படின்னு முடிவுக்கு வந்தோம்.

ஏன் ராணிய மாத்துனா குணம் மாறும்னு கேப்பீங்க. பொட்டில இருக்கிற அத்தனை வேலைக்கார ஈயும் அந்த ஒருத்தி போட்ட முட்டை. அவ மாறிட்டா கொஞ்ச நாள்ல பழசெல்லாம் செத்து, புது ராணியோட புள்ளைங்க தான் பொட்டி முழுக்க. ஆனா மறுநாளே சாந்தமாயிடும்னு நெனைக்காதீங்க, முட்டை ஈயா வர்றதுக்கே 3 வாரம் கிட்ட ஆவும், பழைய ஆளுங்க தீர இன்னும் சில வாரம், ஒன்றரை ரெண்டு மாசம் பொறுக்கணும்.

எந்த ராணிய எடுக்கிறதுன்றதுல சார் ரொம்ப கறார். மாதவரத்துல அவர் பொட்டி ஒவ்வொண்ணா திறந்து காட்டுனாரு. தேன் எவ்ளோ இருக்குன்னு நான் எட்டி பாத்தா, "அத விடு, புழுவ பாரு"ன்றாரு. மெழுகால மூடுன புழு அறைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே போர்வை மாதிரி இருக்கணும், நடுவுல ஓட்டை ஓட்டையா விட்டு விட்டு இருந்தா அந்த ராணி வேணாம். அப்புறம் செத்த புழு. தொண்ணூறுகளோட ஆரம்பத்துல தாய் (தாய்லாந்து) சாக் ப்ரூட்னு ஒரு வைரஸ் வந்து தென்னிந்தியா பூரா அடுக்குத் தேனீ பத்துல ஒன்பது கூட்டம் அழிஞ்சு போச்சு, அவங்க ஊர்ல பொட்டிய அடுப்பெரிக்க போட்டவங்க உண்டாம். புழு கூட்டுப்புழு ஆவாம, தலைய தூக்கிக்கினு, தோலுக்குள்ள தண்ணி ரொப்புன பை மாதிரி அறைக்குள்ளயே செத்து கெடக்கும். அத பாத்த மனுஷன், அதனால ஒரே ஒரு அறைல அப்படி இருந்தா கூட அந்த பொட்டில இருந்து ராணி எடுக்க மாட்டாரு, அது எவ்ளோ தேன் குடுத்தாலும் சரி.

நம்ம ஏரியாக்கு இன்னொண்ணு நான் சேத்துக்குவேன். இங்க சுவத்துக்கு சுவரு வீடு, அதனால மொத மார்க்கு குணத்துக்கு தான், தேனுக்கு இல்ல. தோப்புல வச்சிருக்கிறவங்களுக்கு இந்த கவலை கெடையாது.

எனக்கு தெரிஞ்சு அடுக்குத் தேனீல ராணிய மட்டும் தனியா விக்கிறவங்க ரொம்ப கம்மி, தெரிஞ்சவங்க கிட்ட வாங்கிக்கிறது தான். சார் ஒரு ராணிய புடிச்சு தீப்பெட்டில போட்டு, கூட நாலஞ்சு வேலைக்கார ஈயையும் துணைக்கு விட்டு குடுத்தாரு. தீப்பெட்டில ஊசியால ஓட்டை போட்டிருந்தேன், ஊசி நம்ம கிட்ட இல்லாமலா. முந்தானைல முடிஞ்சுக்கினு மூலக்கடைல ஷேர் ஆட்டோ ஏறுனேன், பக்கத்துல உக்காந்திருந்த அம்மா தீப்பெட்டில இருந்து வர்ற சத்தத்த கேட்டு என்னையே பாத்துக்கினு வந்தாங்க.

இப்ப நான் பண்ண தப்புங்க. எல்லாத்தையும் சொல்றேன், ஏன்னா ஒழுங்கா பண்ணவங்க கதைய கேட்டு நான் ஒண்ணும் கத்துக்கல.

மொதல்ல பழைய ராணிய தேடணும். அடுக்குத் தேனீல இது பெரிய பேஜாரு, சட்டத்த தூக்குனா ஈங்க மேல நிக்காம சர்ருனு ஓடி கீழ் ஓரத்துல திராட்சை கொத்து மாதிரி தொங்கும், ராணியும் அதுக்குள்ள பூந்துக்கும். புகைய ஓவரா போட்டா இன்னும் ஓடும். காலி பொட்டிய பக்கத்துல வச்சு ஒவ்வொரு சட்டமா பாத்து மாத்தி வச்சா தான் வேலைக்காவும். நாலாவது சட்டத்துல கெடைச்சா, கருப்பா, வயிறு நீளமா, ரெக்க பாதி வயித்துக்கு தான் வருது. அவள நசுக்குறதுக்குள்ள எனக்கு கை நடுங்கிடுச்சு. ரெண்டு வருஷமா பொட்டிய நடத்துனவ.

பழசு போய் ஒரு மணி நேரம் கூட ஆவல, புது ராணிய கூண்டுல போட்டு வச்சிட்டேன். கூண்டு நானே பண்ணது, ஜன்னல் கொசுவலை கம்பிய சுருட்டி, ஒரு பக்கம் தச்சு, இன்னொரு பக்கம் சர்க்கரை மாவு அடைப்பு. கதை என்னன்னா ரெண்டு பக்கத்துல இருந்தும் மாவ தின்னு தீக்க ரெண்டு மூணு நாள் ஆவணும், அதுக்குள்ள அவ வாசனை பொட்டி முழுக்க பரவி இவ நம்ம ஆளுன்னு ஆயிடும். நான் பொடிச்ச சர்க்கரைல தேன் ஜாஸ்தியா ஊத்தி தோசை மாவு மாதிரி பண்ணிட்டேன், மாடி சூட்டுல அது ராத்திரியோட ராத்திரியா ஒழுகிப்போச்சு, ராணி வெளிய.

காலைல பொறுக்க முடியாம திறந்து பாக்குறேன். அது ரெண்டாவது தப்பு. அடிப்பலகைல ஒரு உருண்டை, பெரிய நெல்லிக்காய் அளவு, முழுக்க ஈங்க, ஒண்ணு மேல ஒண்ணு இறுக்கமா, உள்ள இருந்து ஒரு மாதிரி சீறுற சத்தம். ராணிய நடுவுல வச்சு அமுக்கி சூட்டுலயே கொல்றாங்க. அத கையால பிரிக்க முடியாது, புகை போட்டும் விடல. சார் முன்னாடி சொன்னது ஞாபகம் வந்து உருண்டையோட அள்ளி கிண்ணத்து தண்ணில போட்டேன், தண்ணி பட்டதும் ஒவ்வொண்ணா விட்டு விலகுச்சு, நடுவுல அவ. உயிர் இருந்துச்சு, ரெக்க ஓரமெல்லாம் பிஞ்சு, ஒரு பின்னங்கால இழுத்து இழுத்து நடந்தா. சாயங்காலம் செத்துட்டா. அன்னிக்கு ராத்திரி சார் கிட்ட போன்ல சொல்லும்போது அழுதுட்டேன், அவர் திட்டல, "மாவ சப்பாத்திக்கு பிசையுத மாதிரி கையில ஒட்டாம பிசையணும் கேட்டியா"ன்னு மட்டும் சொன்னாரு.

அப்போ அவர் சொல்லி நான் எழுதி வச்சது இது. பழைய ராணிய எடுத்துட்டு ஒரு முழு நாளாவது சும்மா விடணும், ராணி இல்லன்றது பொட்டிக்கு உறைக்கணும். கூண்டு வைக்கிறது சாயங்காலம், அன்னில இருந்து சர்க்கரை தண்ணி, ஒண்ணுக்கு ஒண்ணு கலந்து, வயிறு ரொம்புன ஈக்கு சண்டை வராது. மறுநாள் பாத்தே ஆவணும்னா கூண்ட மட்டும் பாக்கணும். கூண்டு கம்பிய ஈங்க கடிச்சு புடிச்சுக்கினு, விரலால தள்ளுனாலும் நகராம ஒட்டிக்கினு இருந்தா இன்னும் ஏத்துக்கல, அடைப்ப திறக்க விடாதீங்க. லேசா நடந்து, நாக்க நீட்டி அவளுக்கு ஊட்டிக்கினு, ஊதுனா நகர்ந்து போச்சுன்னா சரி. ராணி வெளிய வந்தப்புறம் ஒரு வாரம் பொட்டிய தொடக்கூடாது. இந்த ஒரு வாரம் தான் எனக்கு ரொம்ப கஷ்டம்.

இப்ப சண்டைக்காரில ராணி இல்ல. இருக்கிற குஞ்சுப் புழுவுல இருந்து அவசர ராணி அறை கட்ட ஆரம்பிச்சிடுச்சுங்க. அது நமக்கு வேணாம், அதே வம்சம் தான் திரும்பி வரும். உடனே வெட்டுனா மறுபடி கட்டும், அதனால 9 நாள் விட்டேன், அதுக்குள்ள மிச்ச புழுவெல்லாம் ராணி ஆக்குற வயச தாண்டியிருக்கும். ஒன்பதாம் நாள் நூல் வெட்டுற கட்டரால ஒவ்வொண்ணா வெட்டுனேன், 6 அறை.

அதே சமயம் சாந்தில கூட்டம் பிரிய ரெடி ஆயிக்கினு இருந்துச்சு, அடையோட கீழ் ஓரத்துல வேர்க்கடலை மாதிரி ராணி அறைங்க வரிசையா தொங்குது. நடு அடைல ஒண்ணு ரெண்டு மட்டும் இருந்தா அது பழைய ராணிய அதுங்களே மாத்துறது, கீழ வரிசையா இருந்தா பிரிய போவுதுன்னு அர்த்தம். பிரியுற புத்தி இருக்கிற வம்சத்துல ராணி எடுக்காதேன்னு சார் சொல்லுவார் தான், ஆனா எனக்கு ஓனரம்மா முக்கியம். அறையோட நுனில மெழுக சுரண்டி காவி நிற கூடு தெரிஞ்சா இன்னும் ஒண்ணு ரெண்டு நாள்ல ராணி வெளிய வரும்னு அர்த்தம், அப்படி ஒண்ண அடையோட சேத்து வெட்டி, பக்கவாட்டுல அலுமினிய ஃபாயில் சுத்தி, நுனிய மட்டும் திறந்து விட்டு சண்டைக்காரில நடு சட்டத்துல சொருகுனேன். தலைகீழா ஆட்டக்கூடாது, அழுத்தக்கூடாது, உள்ள இருக்கிறது இன்னும் முழுசா இறுகாத புள்ள.

சாந்தில மிச்சம் இருந்த அறைங்கள்ல ஒண்ண அடையோட வச்சு, ரெண்டு சட்டம் ஈயோட எடுத்து ஒரு குட்டி பொட்டில தனியா வச்சேன். சும்மா ஸ்பேரு. இந்த ஸ்பேரு தான் பின்னாடி மானத்த காப்பாத்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு பாத்தா சண்டைக்காரில நான் சொருகுன அறை பக்கவாட்டுல கிழிஞ்சிருக்கு, ஃபாயில் சரியா மூடாத இடத்துல. நுனில வட்டமா மூடி திறந்தா மாதிரி இருந்தா ராணி தானா வெளிய வந்தா. பக்கத்துல கிழிஞ்சிருந்தா வேற எவளோ ஒருத்தி உள்ள இருந்தவள கொன்னுட்டா. அப்ப வேற ஒரு ராணி இருக்கா! நான் 6 அறை வெட்டுனேன், ஏழாவது ஒண்ணு சட்டத்தோட பக்கக் கட்டைக்கும் அடைக்கும் நடுவுல ஒளிஞ்சிருந்திருக்கு. ஈங்கள உதறாம அறை தேடுனா இப்படி தான், பிரஷ்ஷால தள்ளி, சட்டத்த வெறுமையாக்கி பாக்கணும்.

கன்னி ராணிய தேடுறது இன்னும் கொடுமை. வேலைக்கார ஈய விட கொஞ்சம் தான் பெருசு, வயிறும் சின்னது, வெளிச்சம் பட்டா ஓடுறா. ரெண்டு நாள், ரெண்டு சாயங்காலம், ஒரு கஸ்டமரோட கல்யாண ப்ளவுஸ் லேட் ஆயி திட்டு வாங்குனேன், கடைசில மூடியோட உள்பக்கத்துல நின்னுக்கினு இருந்தா.

அவளையும் எடுத்தாச்சு. இனிமே அந்த பொட்டில முட்டையும் இல்ல புழுவும் இல்ல, இப்படி விட்டா அடுக்குத் தேனீல சீக்கிரமே வேலைக்கார ஈங்களே முட்டை போட ஆரம்பிச்சிடும், ஒரே அறைல மூணு நாலு முட்டை, சுவத்துல ஒட்டி, எல்லாம் ஆண் ஈயா தான் வரும். அந்த நெலமைக்கு போன பொட்டி எந்த ராணியையும் லேசுல ஏத்துக்காது. அதனால சாந்தில இருந்து வாரத்துக்கு ஒரு சட்டம் குஞ்சுப் புழுவோட குடுத்துக்கினே இருந்தேன், அதுல ராணி அறை கட்டுனா வெட்டிக்கினே இருந்தேன்.

இப்ப குட்டி பொட்டிக்கு வருவோம். அங்க ராணி நுனி வழியா ஒழுங்கா வெளிய வந்துட்டா. பொறந்து ஒரு வாரம் கிட்ட ஆனா மதியத்துக்கு மேல வெளிய பறந்து போயி வானத்துலயே பத்துக்கும் மேல ஆண் ஈயோட சேந்துட்டு வருவா, அப்புறம் ரெண்டு மூணு நாள்ல முட்டை. நான் ஒம்போது நாள் பாக்குறேன், பறக்குறதயே காணோம். ஒரு நாள் மூணு மணி வாக்குல டீ கிளாஸோட வாசல் முன்னாடி உக்காந்து பாக்குறேன், உள்ள இருந்து ஆண் ஈங்க, பெரிய கண்ணு, தலைய வாசல் தகடு ஓட்டைல விட்டு விட்டு திரும்புதுங்க. அப்ப தான் பொறி தட்டுச்சு. ராணி கேட்டு!

2023 டிசம்பர்ல மிக்ஜாம் மழை அடிச்சப்போ நாள் கணக்கா ஈங்க வெளிய போவ முடியாம, தீனி தீந்து, வெயில் வந்ததும் ஒரு பொட்டி மொத்தமா ஓடிப்போச்சு. அன்னில இருந்து புதுசா எந்த பொட்டி வச்சாலும் கை தானா போயி வாசல்ல ராணி கேட்ட மாட்டிடும். வேலைக்கார ஈ நுழையும், ராணி நுழைய முடியாது. கல்யாணத்துக்கு போவ வேண்டிய பொண்ண வீட்டுல வச்சு பூட்டிட்டு மாப்பிள்ள ஏன் வரலன்னு பாத்துக்கினு இருந்திருக்கேன். மூணு நாலு வாரம் சேராம போயிட்டா அப்புறம் அவ போடுறதெல்லாம் ஆண் முட்டை தான். உடனே கழட்டி எறிஞ்சேன்.

அடுத்த நாலு நாள் எனக்கு தூக்கம் இல்ல. பறக்குற ராணிய கரிச்சான் புடிச்சிடும், தட்டான் புடிச்சிடும், ஈபி ஒயர் மேல ரெட்டைவால் குருவிய பாத்தாலே துண்ட வீசி துரத்துவேன். இதுல ஒரு சாயங்காலம் கொசு மருந்து புகை வேற வருதுன்னு தெருவுல சொன்னாங்க. அது முடியுற வரைக்கும் ரெண்டு மணி நேரம் வாசல்ல ஈரக் கோணி போட்டு வச்சேன். நல்லவேளையா மாசி மாசம், புங்கமும் வேம்பும் பூக்க ஆரம்பிக்கிற நேரம், ஊர்ல ஆண் ஈ நிறைய. ஐப்பசி கார்த்திகை மழைல இந்த வேலைய எடுத்திருந்தா அவளுக்கு ஜோடியே கெடைச்சிருக்காது.

கேட்டு கழட்டி எட்டாவது நாள், வெயில் முதுகுக்கு பின்னாடி இருந்து அறைக்குள்ள விழுற மாதிரி சட்டத்த சாச்சு புடிச்சேன். அடி நடுவுல, அறைக்கு ஒண்ணா, நிமிர்ந்து நிக்கிற முட்டை. வெள்ள நூல ஒரு மில்லிமீட்டர் வெட்டி நட்டு வச்ச மாதிரி. போட்ட அன்னிக்கு நிக்கும், மூணாம் நாள் படுத்துடும், அதனால நிக்கிற முட்டைய பாத்தா ராணி கண்ணுல படலன்னாலும் கவலை இல்ல, இன்னிக்கு இங்க தான் இருக்கா. எனக்கு பட்டா. பொண்ணோட சிவப்பு நெயில் பாலிஷ குச்சி நுனில தொட்டு முதுகுல ஒரு பொட்டு வச்சு, வாசனை போவுற வரைக்கும் காய விட்டு உள்ள விட்டேன்.

அவள கூண்டுல போட்டு மாத்துற தைரியம் வரல. குட்டி பொட்டிய அப்படியே சண்டைக்காரியோட சேத்துட்டேன். சாயங்காலம் சண்டைக்காரி மேல ஒரு முழு ஷீட் நியூஸ்பேப்பர், ஊசியால நாலஞ்சு ஓட்டை, அதுக்கு மேல அடியில்லாத பொட்டில ரெண்டு சட்டமும் ராணியும். ரெண்டு பக்கமும் பேப்பர கடிச்சு தீக்கிறதுக்குள்ள வாசனை கலந்துடும். மறுநாள் மதியம் வாசல் முன்னாடி பேப்பர் தூள் மாவு மாதிரி கொட்டி கெடந்துச்சு. முட்டை போட்டுக்கினு இருக்கிற ராணிய அவ ஆளுங்களோட சேத்து குடுக்கிற இந்த முறை தான் எனக்கு தெரிஞ்சு ஆபத்து கம்மி, இனிமே நான் கூண்டு பக்கம் போறதா இல்ல.

ஒண்ணு மட்டும், சாந்தி பொண்ணுன்றதால சாந்தமா தான் இருக்கும்னு கேரண்டி கெடையாது. அவ சேந்த ஆண் ஈங்க எந்த பொந்துல இருந்து வந்ததோ, பழைய குடோன் சுவத்துல இருக்கிற காட்டுக் கூட்டமோ யார் கண்டா. ஏப்ரல் முழுக்க பழைய ஆளுங்க கொட்டிக்கினு தான் இருந்துச்சுங்க, நானும் சந்தேகத்தோட தான் இருந்தேன்.

கத்திரி வெயில் ஆரம்பிச்ச வாரம் ஓனரம்மா வடாம் போட மாடிக்கு வந்தாங்க, முக்காட்ட இழுத்து விட்டுக்கினு, ஒரு கண்ணு பொட்டி மேலயே. அரை மணி நேரம் புழிஞ்சுட்டு என்ன கூப்ட்டாங்க. "இன்னாமா, பொட்டிய காலி பண்ணிட்டியா, சத்தமே காணோம்?" நான் மூடிய தூக்கி காட்டுனேன், ரெண்டடி பின்னாடி போனாங்க, அப்புறம் மெல்ல எட்டி பாத்தாங்க. சட்டம் முழுக்க ஈ, ஒண்ணும் எழுந்து வரல. "அந்த செவப்பு பொட்டு வச்சிருக்குதே, அதுவா?" "அது தாம்மா." "பொட்டெல்லாம் வச்சு நல்லா தான் வச்சிக்கிற"ன்னு சொல்லிட்டு வடாம் துணிய பொட்டிக்கு பக்கத்துல நிழலு இல்லாத இடமா பாத்து நகத்தி போட்டாங்க.

சாந்தில தான் இப்ப பழைய ராணிக்கு ரெண்டு வருஷம் முடிய போவுது, போன வாரம் பாத்தப்போ புழு அறைல அங்கங்க ஓட்டை விட ஆரம்பிச்சிருக்கா. மழை முடிஞ்சு தை பொறக்கட்டும்னு விட்டிருக்கேன். ராணி கேட்ட மட்டும் பையன் கிட்ட குடுத்து, நான் கேட்டாலும் குடுக்காதடான்னு சொல்லி வச்சிருக்கேன்.